கொடுமைக்கு ஓர் அளவுகோல்

கல்முனைக்குடியின் கடற்கரையிலிருந்து மேற்கு நோக்கி நடந்தால், பெருவீதியைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் வயல்வெளி தொடங்கிவிடும். முன்னாளில் இப்பகுதி வயல்களில் விளைந்த நெல்லை மரைக்காலால் அளந்தார்கள். அளப்பவன் கையிலுள்ள மரைக்கால் சற்றுப் பெரிதாயின் கணக்கு குறையும். சிறிதாயின் கணக்கு பெருகும். குவியலில் உள்ள நெல்லோ கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆதலால் கணக்கைக் கேட்பவன் முதலில் மரைக்காலைப் பார்க்க வேண்டும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறுவர் படும் துன்பம். நம் நாட்டில் எத்தனை சிறுவர் துஷ்பிரயோகத்துக்கு ஆளாகின்றனர் என்ற கேள்வி நாளிதழ்களிலும் மேடைகளிலும் அடிக்கடி எழுகின்றது. விடையாக ஒரு தொகையும் சொல்லப்படுகின்றது. அத்தொகை எந்த மரைக்காலால் அளக்கப்பட்டது என்று கேட்போர் மிகச் சிலரே. துஷ்பிரயோகம் என்று எதனைச் சொல்கிறோம் என்பதை வரையறுக்காமல் அதனை எண்ண முடியாது. வரையறுப்பதோ எளிதன்று. அது ஏன் எளிதன்று, எளிதல்லாத அவ்வேலையை எவ்வாறு செய்யலாம் என்பவற்றை ஆராய்வோம்.

கற்பனையாக ஓர் ஆய்வாளரைக் கல்முனைக்குடிக்கு அழைத்து வருவோம். அவர் கையில் ஒரு வினாக்கொத்து இருக்கின்றது. ஒரே தெருவில் ஐந்து வீடுகளுக்கு அவர் செல்கிறார். வீடுகளும் அங்கு வாழ்வோரும் கற்பனையே. நிலைமைகள் மட்டும் நாம் அறியாதவை அல்ல.

முதல் வீட்டில் பத்து வயதுப் பையன். பாடசாலைக்குப் போகாமல் கடற்கரையில் திரிந்தான் என்று வாப்பா இடுப்புவாரினால் அடித்தார். முதுகிலே தழும்பு மூன்று நாள் இருந்தது. கேட்டால், "என் வாப்பாவும் என்னை இப்படி அடித்துத்தான் வளர்த்தார், நான் என்ன கெட்டா போனேன்?" என்கிறார். இரண்டாம் வீட்டில் ஆறு வயதுச் சிறுமி. உம்மா இரண்டு ஆண்டுகளாகச் சவூதியில் வீட்டுப் பணிப்பெண். பிள்ளை உம்மம்மாவிடம் வளர்கின்றது. மூன்றாம் வீட்டில் பதினைந்து வயதுப் பையன். விடிவதற்கு முன் கரைவலை இழுக்கக் கூலிக்குப் போகிறான். நான்காம் வீட்டில் பதினைந்து வயதுப் பெண்பிள்ளை. பாடசாலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், நிக்காஹ் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஐந்தாம் வீட்டில் எட்டு வயதுப் பிள்ளை. அதன் உடம்பில் எவரும் கை வைப்பதில்லை. ஆனால் "மக்கு" என்றும் "நீ பிறவாமலே இருந்திருக்கலாம்" என்றும் நாள் தவறாமல் கேட்டுக் கேட்டு, அப்பிள்ளை வாய் திறந்து பேசுவதையே விட்டுவிட்டது.

இவ்வைந்து வீடுகளில் எத்தனை வீட்டில் துஷ்பிரயோகம் நிகழ்கின்றது? வைத்தியரைக் கேட்டால் தழும்புள்ள முதல் வீட்டை மட்டும் சுட்டுவார். சட்டம் படித்தவர் பிரிவுகளைப் புரட்டிவிட்டு முதல், மூன்றாம், நான்காம் வீடுகளைச் சொல்லக்கூடும். உளநூல் வல்லார் ஐந்தாம் வீட்டின் முன் நெடுநேரம் நிற்பார். தொலைவூரிலிருந்து வந்த அதிகாரி, தாயில்லாத இரண்டாம் வீட்டைக் குறித்துக்கொள்வார். தெருவிலுள்ள ஒரு முதியவரோ, "இவையெல்லாம் வீட்டுச் சங்கதிகள், துஷ்பிரயோகம் என்றால் அது வேறு" என்று சொல்லிவிடுவார். ஒரே தெரு, ஒரே நாள்; விடையோ சுழியத்திலிருந்து ஐந்து வரை போகின்றது.

இக்குழப்பம் கல்முனைக்குடிக்கு மட்டும் உரியதன்று. இத்துறை பிறந்தபோதே உடன்பிறந்தது. 1860ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுச் சட்ட வைத்தியர் அம்புருவாஸ் தார்தியூ, சிறுவர்மீது இழைக்கப்பட்ட கொடுமைகள் 32ஐ விவரித்து எழுதினார். அக்காலத்தார் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1946இல் அமெரிக்கக் கதிர்ப்பட வைத்தியர் ஜோன் கஃபே, ஆறு குழந்தைகளின் படங்களை ஆராய்ந்தபோது, மண்டைக்குள் இரத்தக் கசிவும் கைகால் எலும்புகளில் முறிவுகளும் ஒருங்கே இருக்கக் கண்டார். முறிவுகளுக்குக் காரணம் கூறும் நோய் எதனையும் அவரால் காண முடியவில்லை. 1962இல் ஹென்றி கெம்பியும் அவர்தம் உடன் வைத்தியர்களும் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 71 வைத்தியசாலைகளில் ஓராண்டில் கண்ட 302 குழந்தைகளைப் பற்றிய செய்தி அதில் இருந்தது. அவர்களுள் 33 பேர் இறந்தனர். 85 பேருக்கு மூளையில் நீங்காத ஊறு நேர்ந்தது. 'அடிபட்ட குழந்தை நோய்த்தொகுதி' என்று அந்நிலைக்கு அவர்கள் பெயரிட்டனர்.

அப்பெயர் உலகத்தின் கண்ணைத் திறந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அது வைத்தியசாலையில் பிறந்த வரையறை. முறிந்த எலும்பைக் கதிர்ப்படம் காட்டும். முறிந்த மனத்தைக் காட்டாது. பட்டினி, தனிமை, அச்சம், தகாத தொடுகை ஆகிய எவையும் அப்படத்தில் விழுவதில்லை. பின்வந்த ஆய்வாளர் வரையறையை விரிக்க முற்பட்டனர். விரிக்க விரிக்கப் புதிய கேள்விகள் முளைத்தன. செய்தவரின் நோக்கத்தைப் பார்ப்பதா, பிள்ளைக்கு நேர்ந்த விளைவைப் பார்ப்பதா? நோக்கத்தைப் பார்ப்பதாயின், திருத்துவதற்கென்று அடித்த தந்தை தப்பிவிடுவார். விளைவை மட்டும் பார்ப்பதாயின், ஓங்கிய தடி தற்செயலாகத் தவறிய வீட்டில் ஒன்றுமே நிகழவில்லை என்றாகிவிடும்.

1999இல் உலக சுகாதார நிறுவனம் ஜெனீவாவில் கூட்டிய ஆலோசனைக் கூட்டம், உடல்வழித் துன்பம், உளவழித் துன்பம், பாலியல் துன்பம், புறக்கணிப்பு, சுரண்டல் என்பவற்றையெல்லாம் ஒரே குடையின்கீழ்க் கொண்டுவந்தது. பிள்ளையின் உடல்நலம், உயிர், வளர்ச்சி, கண்ணியம் ஆகியவற்றுக்கு நேர்ந்த தீங்கை மட்டுமன்றி, நேரக்கூடிய தீங்கையும் அது சேர்த்துக்கொண்டது. பொறுப்பு, நம்பிக்கை, அதிகாரம் என்பவற்றைக் கொண்ட உறவுக்குள்ளே இது நிகழ்கின்றது என்றும் சொன்னது. நல்ல வரையறைதான். ஆனால் 'நேரக்கூடிய தீங்கு' எங்கே தொடங்குகின்றது என்பதைத் தீர்மானிக்கும் சுமை ஆய்வாளரின் தோளிலேயே தங்கிவிட்டது.

எல்லைக்கோடு சற்று நகர்ந்தால் எவ்வளவு வேறுபாடு உண்டாகும் என்பதற்கு அமெரிக்காவின் தேசிய ஆய்வொன்று சான்று. 1993ஆம் ஆண்டுக்குரிய மதிப்பீட்டை அவர்கள் இருவகையாகச் செய்தனர். தீங்கு கண்கூடாக நேர்ந்த பிள்ளைகளை மட்டும் எண்ணியபோது தொகை 15 இலட்சத்து 53 ஆயிரத்து 800. தீங்கின் அபாயத்தில் வைக்கப்பட்ட பிள்ளைகளையும் சேர்த்து எண்ணியபோது தொகை 28 இலட்சத்து 15 ஆயிரத்து 600. நாடு ஒன்று, ஆண்டு ஒன்று, ஆய்வு ஒன்று. வரையறை மாறியதால் பன்னிரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் கணக்கினுள் வந்தனர்.

அண்டை நாடாகிய இந்தியாவில் 2007ஆம் ஆண்டில் வெளியான அரசாங்க ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 சிறுவரை வினவியது. ஏதேனும் ஒருவகைப் பாலியல் துன்பத்துக்கு ஆளானோர் 53.22 சதவீதம் என்று அறிவித்தது. அத்தொகை பலரைத் திடுக்கிடச் செய்தது. ஆனால் அதனுள் கொடிய தாக்குதலும் உண்டு. ஆபாசப் படத்தைக் காட்டியதும் உண்டு. பிரயாணத்தின்போது செய்யப்பட்ட தகாத சேட்டையும் உண்டு. கடுமையானவை என்று அவ்வாய்வே வகுத்தவற்றுக்கு ஆளானோர் ஏறத்தாழ 21 சதவீதத்தினர். இரண்டு தொகைகளும் மெய்யே. ஒன்றைச் சொல்லுமிடத்தில் மற்றதைச் சொன்னால்தான் பொய்யாகின்றது.

"இத்தனை தொல்லை எதற்கு? சட்டம் என்ன சொல்கின்றதோ அதையே வரையறையாகக் கொள்ளலாமே" என்று நேயர்களுள் சிலர் கருதக்கூடும். நியாயமான கேள்வி. நம் நாட்டிற் சட்டமும் இருக்கின்றது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டோரைச் சிறுவர் என்கின்றது. துஷ்பிரயோகம் என்பதற்குத் தனியான விளக்கம் எழுதாமல், வேறு சட்டங்களை அது சுட்டுகின்றது. தண்டனைச் சட்டக்கோவையின் சில பிரிவுகள், தொழிலில் அமர்த்துவது பற்றிய சட்டம், சிறுவர் மற்றும் இளையோர் கட்டளைச் சட்டம், கட்டாயப் பாடசாலை வரவு பற்றிய ஒழுங்குவிதிகள் ஆகியவற்றை மீறும் செயலும் செய்யாமையும் துஷ்பிரயோகம் என்பது அதன் சாரம். ஆயுதப் போரில் பிள்ளையை ஈடுபடுத்துவதையும் அது சேர்த்துள்ளது.

இவ்விறுதிச் சேர்க்கை பெருமைக்குரியது. அதிகார சபையின் முதற் தலைவராயிருந்த குழந்தை நல வைத்திய நிபுணர் ஹரேந்திர டி சில்வா, முன்னாட் சிறுவர் போராளிகள் 19 பேரை ஆராய்ந்து, சிறுவரைப் போருக்குச் சேர்த்தலும் துஷ்பிரயோகத்தின் ஒரு வகையே என்று 2001இல் வெளியான கட்டுரையில் வாதிட்டார். மேனாட்டு வைத்தியசாலையில் எழுதப்பட்ட வரையறையில் இதற்கு இடமிருந்திராது. நம் மண்ணின் துயரமே வரையறையை விரித்தது.

ஆயினும் சட்டத்தை ஆய்வின் அளவுகோலாகக் கொள்வதில் இரண்டு இடர்கள் உண்டு. முதலாவது இடர், சட்டம் நகர்கின்றது என்பது. நம் தெருவின் மூன்றாம் வீட்டை மீண்டும் பாருங்கள். தொழிலில் அமர்த்துவதற்குரிய குறைந்த வயது முன்னர் 14. 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. பதினைந்து வயதுப் பையனைக் கூலிக்கு அமர்த்துவது 2020இல் அவ்வயதெல்லையை மீறுவதன்று, 2021இல் மீறுவதாயிற்று. கட்டாயக் கல்வியின் எல்லையும் 14 வயதாக இருந்து 2016இல் 16 வயதாயிற்று. நான்காம் வீட்டுப் பெண்பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்தியது 2015இல் ஒரு கணக்கில், 2017இல் மற்றொரு கணக்கில். சட்டம் முன்னேறியது நல்லதே. ஆனால் 2010ஐயும் 2022ஐயும் ஒப்பிடும் ஆய்வாளர் இதனை அறியாராயின், கொடுமை பெருகிவிட்டது என்று எழுதிவிடுவார். பெருகியது கொடுமையா, மாறியது மரைக்காலா என்பது அவருக்கே தெரியாது.

இரண்டாவது இடர், சட்டம் ஒரே குரலில் பேசுவதில்லை என்பது. 1939ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் இளையோர் கட்டளைச் சட்டம், சிறுவர்மீது கொடுமை செய்வதைக் குற்றமாக்கியது. அதே பிரிவிலே, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உள்ள தண்டிக்கும் உரிமைக்கு இதனாற் குறைவில்லை என்றும் எழுதிவைத்தது. 2005இல் கல்வி அமைச்சு சுற்றறிக்கை மூலம் பாடசாலைகளில் உடல்வழித் தண்டனையைத் தடுத்தது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், ஆசிரியர் ஒருவர் மாணவனை அறைந்து செவிக்கு ஊறு விளைத்த வழக்கில், அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை தரும் பாதுகாப்பை மீறுவதாகும் என்று தீர்த்தது. தண்டனை எங்கே முடிகின்றது, கொடுமை எங்கே தொடங்குகின்றது என்பதைச் சட்டமே எண்பது ஆண்டுகளாகத் தேடி வந்திருக்கின்றது.

விவாக வயதிலும் இதே நிலைதான். 1995இல் பொதுச் சட்டத்தின்கீழ் விவாக வயது 18 ஆக உயர்த்தப்பட்டது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமோ குறைந்த வயதெல்லை எதனையும் விதியாமல், பன்னிரண்டு வயது நிரம்பாத பெண்ணின் விவாகத்துக்கு மட்டும் காதியாரின் அனுமதி வேண்டும் என்றது. 1995ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம், பதினாறு வயதுக்குட்பட்ட பெண்பிள்ளையின் சம்மதம் சம்மதமாகாது என்று கூறிவிட்டு, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட மனைவியை அப்பாதுகாப்பிலிருந்து விலக்கியது. முஸ்லிம் விவாகச் சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2018இல் அறிக்கை அளித்தது. வயதெல்லை பதினெட்டாக வேண்டும் என்று முஸ்லிம் பெண்கள் பலரே குரல் கொடுத்து வந்துள்ளனர். இவ்விவாதத்தில் யார் எப்பக்கம் நின்றாலும், ஆய்வாளர் ஒன்றை மறுக்க முடியாது. பதினைந்து வயதுப் பிள்ளையின் உடலும் மனமும் எந்தச் சட்டத்தின்கீழ் விவாகம் பதியப்பட்டது என்று பார்த்து நோவதில்லை. சட்டத்தை மட்டும் அளவுகோலாக்கினால், அடுத்தடுத்த வீடுகளிலுள்ள இரு பிள்ளைகளுள் ஒருத்தியை எண்ணி மற்றவளை விட்டுவிட நேரும்.

சட்டம் போதாதெனில், ஊர் வழக்கத்தைக் கொள்ளலாமா? இங்கேதான் கேள்வி மேலும் நுட்பமாகின்றது. ஜில் கோர்பின் என்னும் மானிடவியலாளர் 1981இல் வெளியிட்ட நூலில், மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டினார். ஓர் ஊரார் இயல்பெனக் கொள்வதும் வெளியார் கொடுமையெனக் காண்பதும் முதல் நிலை. அவ்வூரின் வழக்கத்தையே மீறி ஒருவர் செய்யும் கொடுமை இரண்டாம் நிலை. வறுமை, போர், வீடின்மை முதலியவற்றாற் சமுதாயமே பிள்ளைகளுக்கு இழைக்கும் கேடு மூன்றாம் நிலை. இம்மூன்றையும் ஒரே சாக்கில் அள்ளிப் போடுவதே பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம்.

இரண்டாம் வீட்டை இவ்விளக்கின் வெளிச்சத்திற் பார்ப்போம். ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் 'குடி' என்ற சொல்லுக்குக் கிழக்குக் கரையில் தாய்வழி வம்சம் என்ற பொருளும் உண்டு. இக்கரையின் முஸ்லிம்களும் தமிழரும் இத்தாய்வழிக் குடிமுறையை நெடுங்காலம் பேணி வந்தவர்கள். அக்கரைப்பற்றிலே 1969 முதல் களஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே என்னும் அமெரிக்க மானிடவியலாளர் இதனை விரிவாக எழுதியிருக்கிறார். மகளுக்குச் சீதனமாக வீடு கொடுக்கப்படுகின்றது. மணமகன் பெண்வீட்டுக்கு வருகிறார். சகோதரியரின் வீடுகள் ஒரே வளவிலோ அடுத்தடுத்தோ அமைகின்றன. ஆகவே உம்மா வெளிநாடு சென்றாலும், பிள்ளை தான் பிறந்த வளவை விட்டு அகல்வதில்லை. உம்மம்மா சோறூட்டுகிறார், சாச்சி தலைவாரிப் பாடசாலைக்கு அனுப்புகிறார்.

தாய், தந்தை, பிள்ளை என மூவர் மட்டும் வாழும் வீட்டை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட வினாக்கொத்தில், "பிள்ளை தாயுடன் வசிக்கின்றதா?" என்றொரு வினா இருக்கும். 'இல்லை' என்று விடை வந்தால், புறக்கணிப்பு என்ற நிரலில் ஒரு புள்ளி விழும். 2013இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய்மார் வெளிநாட்டுப் பணிக்குச் செல்வதைத் தடுத்த குடும்பப் பின்னணி அறிக்கை முறையும் இதே எண்ணத்தைத் தழுவியது. அது பின்னர் 2022இல் தளர்த்தப்பட்டது. தாய் இல்லாத எல்லா வீடும் பிள்ளையைப் புறக்கணிக்கும் வீடன்று.

இதற்கு மறுபுறமும் உண்டு. அதை மறைத்தல் தகாது. உறவினர் சூழ இருக்கும் பிள்ளைக்குத் தீங்கு நேராது என்ற நம்பிக்கையே சில வேளைகளில் தீங்கை மறைக்கும் திரையாகின்றது. உம்மம்மா நோயுற்றுப் படுத்திருக்கலாம். வீட்டுக்கு வந்துபோகும் உறவினர் ஒருவரைக் கண்டதும் பிள்ளை ஒதுங்கி ஒளியலாம். ஆகவே வினவ வேண்டியது, தாய் எங்கே இருக்கிறாள் என்பதன்று. பிள்ளைக்கு நோய் வந்தபோது வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றது யார்? நேற்றிரவு பிள்ளை யாருடன் உறங்கிற்று? அஞ்சும்போது யாரிடம் போய்ச் சொல்லும்? இக்கேள்விகளுக்கு விடை கிடைக்குமாயின், புறக்கணிப்பு உண்டா இல்லையா என்பது தானே வெளிப்படும்.

ஊர் வழக்கத்துக்கு மதிப்பளிப்பதென்றால், அதன் பெயரால் எல்லாவற்றையும் பொறுப்பதென்று பொருளன்று. எளிய மக்கள் கொடுமையைக் கொடுமையெனக் காணார் என்ற எண்ணம் படித்தவரிடையே உண்டு. கலிபோர்னியாவில் ஜீன் ஜியோவனோனி, ரோசினா பெசெரா என்னும் இரு ஆய்வாளர்கள், சிறு சிறு நிகழ்ச்சிகளை எழுதிக் கொடுத்து, இது எவ்வளவு பாரதூரமானது என்று பலதரப்பட்டோரை வினவினர். அவர்களது நூல் 1979இல் வெளிவந்தது. கறுப்பின மக்களும் ஸ்பானிய வழியினரும் அந்நிகழ்ச்சிகளை வெள்ளையரைக் காட்டிலும் பாரதூரமானவையாகவே மதிப்பிட்டனர். தொழில்துறையினருக்குள்ளும் ஒருமைப்பாடு இருக்கவில்லை. சட்டத்தரணிகளின் மதிப்பீடு ஏனையோரினதை விடத் தளர்ந்திருந்தது. ஊரார் மனத்தை நாமே கற்பித்துக்கொள்ளாமல், அவர்களிடமே கேட்டறிய வேண்டும் என்பது இதன் பாடம். கல்முனைக்குடியிலும் வாரினால் அடிப்பதை எல்லாரும் ஒப்புகின்றனர் என்று எவர் சொன்னார்? அதே வீட்டிலுள்ள உம்மாவைக் கேட்டோமா? அடிபட்ட பையனைக் கேட்டோமா?

கேட்பதற்குச் சொல் வேண்டும். இங்கே மொழியும் ஒரு தடையாகின்றது. துஷ்பிரயோகம் என்பது ஏட்டுச்சொல். பாலியற் குற்றங்களைப் பற்றிய செய்திகளில் அடிக்கடி கேட்டுப் பழகியதால், பொதுமக்கள் பலருடைய செவியில் அது அக்குற்றத்தை மட்டுமே குறிக்கின்றது. "உங்கள் வீட்டில் துஷ்பிரயோகம் நடந்ததுண்டா?" என்று கதவைத் தட்டிக் கேட்டால், ஐந்து வீட்டாரும் "அல்லாஹ் காக்க வேண்டும்!" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். கணக்கில் சுழியம் விழும். "சென்ற மாதம் பிள்ளை சொற்கேளாதபோது என்ன செய்தீர்கள்? கையாலா, பிரம்பாலா, வாரினாலா? எத்தனை தடவை?" என்று கேட்டால், அவர்களே விவரமாகச் சொல்வார்கள். கண்டிப்பைப் பற்றிப் பேசுவதற்கு எவரும் கூசுவதில்லை.

ஆய்வுத்துறை மெல்ல மெல்லக் கண்டறிந்த வழியும் இதுவே. முரே ஸ்ட்ராஸ் என்னும் சமூகவியலாளர் 1970களில் வகுத்த அளவை முறை, கொடுமை என்ற சொல்லையே தவிர்த்து, நிகழ்ந்த செயல்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, எத்தனை தடவை என்று வினவியது. 1998இல் பெற்றோர், பிள்ளை உறவுக்கென்றே அது திருத்தி அமைக்கப்பட்டது. இம்முறையின் உயிர்நிலை யாதெனில், முதலில் என்ன நடந்தது என்று எழுது. அதற்கு என்ன பெயர் என்பதைப் பிறகு பார் என்பதே.

ஆகவே நம் ஆய்வாளரின் ஏட்டில் தனித்தனி நிரல்கள் வேண்டும். செய்யப்பட்டது அல்லது செய்யாது விடப்பட்டது எது? எத்தனை தடவை, எவ்வளவு காலம்? பிள்ளையின் வயது என்ன? செய்தவர் பிள்ளைக்கு என்ன உறவு? உடலிலும் மனத்திலும் படிப்பிலும் கண்ட விளைவு என்ன? வீட்டில் வசதியின்மையால் நேர்ந்ததா, வசதியிருந்தும் நேர்ந்ததா? செய்தவர் கூறும் நோக்கத்தையும் குறிக்கலாம். ஆனால் அந்நிரல் மற்ற நிரல்களை அழிக்கக்கூடாது. இவ்வளவும் எழுதியபின், இலேசான கோடு ஒன்றும் கடுமையான கோடு ஒன்றும் வரைந்து, இரண்டின்படியும் தொகையை அறிவிக்கலாம். கோட்டை எங்கே வரைந்தார் என்பதை மறைக்காமற் சொல்வாராயின், நாளை சட்டம் மாறினாலும் கருத்து மாறினாலும் பின்வருவோர் அதே ஏட்டைப் புதிய கோலால் அளந்துகொள்வர். பெயரை மட்டும் எண்ணிவிட்டுச் செயலை எழுதாது விட்ட ஏடு, மரைக்கால் தொலைந்த களத்துக் கணக்கைப் போன்றது.

முறைப்பாடுகளின் தொகையையும் கொடுமையின் தொகையையும் ஒன்றென மயங்குதல் ஆகாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். ஓர் ஊரில் முறைப்பாடுகள் பெருகினால், கொடுமை பெருகியிருக்கலாம். அல்லது மக்கள் துணிந்து பேசத் தொடங்கியிருக்கலாம். முறைப்பாடே இல்லாத ஊர் குறையே இல்லாத ஊர் என்று எண்ணிவிடவும் கூடாது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று ஒரு தாய் என்னைக் கேட்கக்கூடும். என் விடை இதுதான். வரையறை மிகக் குறுகினால், ஐந்தாம் வீட்டுப் பிள்ளை எந்தக் கணக்கிலும் இல்லை. கணக்கில் இல்லாத பிள்ளைக்கு உத்தியோகத்தர் வருவதில்லை, பணம் ஒதுக்கப்படுவதில்லை, ஆசிரியருக்குப் பயிற்சி அளிக்கப்படுவதில்லை. வரையறை கண்மூடித்தனமாக அகன்றால், உம்மம்மாவின் மடியில் நலமாக வளரும் பிள்ளையைப் புறக்கணிக்கப்பட்ட பிள்ளையென எழுதி, இல்லமொன்றில் கொண்டுபோய்ச் சேர்க்கும் யோசனை பிறக்கும். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கல்முனைக் கரை தாங்கொணாத இழப்பைக் கண்டது. பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சொந்தப் பிள்ளைகளாக ஏற்று வளர்த்த சாச்சிமாரும் மாமாமாரும் இக்கரையில் உண்டு. அவர்களது பராமரிப்பைக் காண இயலாத அளவுகோல் நமக்கு உதவாது. அவ்வாறு வளரும் பிள்ளைகளுள் எவருக்கேனும் இழைக்கப்படும் தீங்கைக் காண இயலாத அளவுகோலும் உதவாது.

ஆய்வாளர் வெறும் கணக்கரும் அல்லர். பிள்ளை ஒன்று அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுமாயின், "இரகசியம் காப்பேன் என்று வாக்களித்தேன்" என ஏட்டை மூடிக்கொண்டு போக முடியாது. எதனை இரகசியமாகக் காப்பார், எதனைக் காக்க மாட்டார், யாரிடம் உதவி தேடுவார் என்பவற்றை முதல் வினாவைக் கேட்குமுன்பே பிள்ளைக்கும் வீட்டாருக்கும் விளங்கச் சொல்வது அவர் கடமை. வரையறை என்பது இங்கே ஏட்டுச்சுவடிப் பிரச்சினையாக இராமல், எந்தக் கட்டத்தில் ஆய்வாளர் எழுந்து செயற்பட வேண்டும் என்று சொல்லும் எச்சரிக்கை மணியாகின்றது.

நேயர்களே, ஆய்வு செய்வோர்க்கு வரையறை வேண்டும். அயல்வீட்டாருக்கு அத்தனை நுணுக்கம் வேண்டியதில்லை. ஒரு பிள்ளை அஞ்சி நடுங்குவதையோ, வாய் மூடி வாடுவதையோ கண்டால், அது எந்த நிரலில் விழும் என்று ஆராயும் வேலை நமக்குரியதன்று. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு அறிவித்தால், அவ்வேலைக்கு உரியவர்கள் அதனைச் செய்வார்கள்.

நம் ஆய்வாளர் ஐந்து வீடுகளையும் பார்த்துவிட்டுத் தெருமுனைக்கு வருகிறார். "எத்தனை?" என்று எவரேனும் கேட்டால், அவர் உடனே ஓர் எண்ணைச் சொல்லிவிடாதிருப்பாராக. "இவ்வீட்டில் இது நிகழ்கின்றது, அவ்வீட்டில் அது நிகழ்கின்றது, இக்கோலால் அளந்தால் இத்தனை, அக்கோலால் அளந்தால் அத்தனை" என்று சொல்வாராயின், அவர் ஏடு நம்பத்தக்கது. வாய் திறவாத அந்த எட்டு வயதுப் பிள்ளைக்கும் அவ்வேட்டில் ஒரு வரி இருக்கும்.